வியாழன் மூன்றே கால்

ஐந்து பேர், ஐந்து நிறம்.
தெய்வசிகாமணி சாருக்கு மஞ்சள், அவரே கேட்டு வாங்கியது.
கணக்குப் பார்க்கும் பத்மலோசனி நீலம்.
லீ பஜார் லாரி செட்டில் பாதி உயிரை வைத்திருக்கும்
பழனியாண்டி பச்சை.
காப்பியை உறிஞ்சித் துப்பி மார்க் போடும்
ஜபீனுக்கு ஏதோ ஒரு ஊதா.
மலையில், நாகலூருக்கும் அப்பால்,
எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியதாஸுக்கு
மிச்சமிருந்த சாம்பல்.

செவ்வாய்ப்பேட்டை ஆபீஸில்
மிளகு மூட்டை வாசத்துக்கு நடுவே
இந்த ஐவரையும் அரை மணி நேரம்
ஒரே கட்டத்தில் உட்கார வைப்பது என் வேலை.

முன்பெல்லாம் போன்தான்.
சார் சரி என்றால் லாரி வராது,
லாரி சரி என்றால் மலையில் டவர் இருக்காது.
ஒரு கூட்டத்துக்கு ஒன்பது போன்.
கூட்டம் என்னவோ ஏழு நிமிடம்.

பிறகு இந்தக் காலண்டர் வந்தது.
"எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாமா?" என்று
பத்மலோசனி முதல் நாளே முகம் சுளித்தாள்.
என்ன வேலை என்று தெரியாது,
பிஸி என்று மட்டும்தான் காட்டும் என்றேன்.
அன்று மாலைக்குள்
அவளுடைய வாரம் முழுக்க நீலமாகிவிட்டது.

சார் அதற்கும் ஒரு படி மேல்.
திங்கள் ஏழரை முதல் ஒன்பது,
செவ்வாய் மூன்று முதல் நாலரை என்று
ராகுகாலம் ஏழையும்
வாராவாரம் திரும்பி வரும்படி போட்டு வைத்தார்.
கம்ப்யூட்டர் மறுபேச்சுப் பேசவில்லை.
முடிவுத் தேதி என்ன என்று மட்டும் கேட்டது.
இல்லை என்று தட்டினார்.
உலகம் உள்ளவரை எங்கள் ஆபீஸில் ராகு பிஸி.

ஆரோக்கியதாஸ் இறங்கி வரும் நாட்களில்
ஒன்பதரை வரை அவர் மலையில்,
ஒன்பதரைக்கே என் எதிரில்.
காலண்டருக்கு என்ன தெரியும் இருபது கொண்டை ஊசியை?
வளைவில் ஒரு பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு குரங்கு,
குரங்குக்கு சிப்ஸ் நீட்டும் ஒரு கார்.
நான்தான் கையால் ஒரு கட்டம் போட்டேன்:
"வளைவுகள், ஒன்றே கால் மணி."
பனி இறங்கும் மாதத்தில் இன்னும் கால் மணி.
அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
ஒருநாள் ஒரு பை ஆரஞ்சை
என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அப்படித் தேடித் தேடித்தான்,
ராகு எழுந்து போன பதினைந்தாம் நிமிடத்தில்
ஐந்து நிறமும் விலகி நின்ற
ஒரு வெள்ளைச் சந்து கிடைத்தது.
வியாழன் மூன்றே கால். வாராவாரம்.
அழைப்பு அனுப்பிய அரை மணியில்
ஐந்து 'சரி'யும் வந்து விழுந்தன.

நாலு மாதம் நன்றாகவே நடந்தது.
ஈரப்பதம், சாக்கு, வாடகை, பாக்கி.
அப்புறம் ஜபீன் ஈரப்பதத்தை ஒரு ஷீட்டில் போட ஆரம்பித்தாள்.
பழனியாண்டி அதன் பக்கத்திலேயே வண்டி நம்பரை.
பேச ஒன்றும் மிஞ்சாத ஒரு வியாழனில்
"இனிமேல் இது எதுக்கும்மா, எடுத்துரு" என்று
சார் எழுந்துவிட்டார்.

எடுக்கத்தான் போனேன்.
இதை மட்டுமா,
இனி வரும் எல்லாவற்றையுமா என்று கேட்டது.
போன் அடித்தது, மறந்துவிட்டேன்.
பொய். போன் அடிக்கவில்லை.

பதினோரு வாரம் ஆகிறது.
ஒருவரும் கேட்கவில்லை.
வியாழன் மூன்றே காலுக்கு
பத்மலோசனி செருப்பைக் கழற்றிவிட்டுக்
காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிறாள்.
ஜபீன் வெறும் வெந்நீர் குடிக்கிறாள், துப்பாமல்.
பழனியாண்டி போனை எடுப்பதில்லை.
மலையில் என்ன நடக்கிறதோ, டவர் சொன்னால் உண்டு.
சாத்தியிருக்கும் சார் கதவுக்குப் பின்னால் ஃபேன் சத்தம்,
ஒரு தடவை குறட்டையும்.
இந்த ஆபீஸில் அத்தனை பேரும் தவறாமல்
நேரத்துக்கு வரும் கூட்டம்
இது ஒன்றுதான்.

நேற்று சேர்ந்த இளம்பரிதியை
எல்லா அழைப்பிலும் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தேன்.
இன்று மூன்று பத்துக்கு, நோட்டும் பேனாவுமாக,
என் மேஜை முன் நிற்கிறான்.
"அக்கா, மூன்றே கால் மீட்டிங் எந்த ரூம்ல?"

நாற்காலியைக் காட்டினேன்.
உட்கார்ந்தான், நுனியில்.
"அஜெண்டா?"

பையில் ஒரு ஆரஞ்சு மிச்சமிருந்தது.
உரிக்க ஆரம்பித்தேன்.